வீட்டுப் பந்தியும் ஆண்டவர் பந்தியும்

(நம் பங்கின் பொன்விழா நாளன்று, அன்பு விருந்துக்கு முன் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பொன்விழாத் திருப்பலியை ஒன்றுகூடி நிறைவேற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்து அமர்ந்திருக்கிறோம். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் உற்றார் உறவினர் பேருந்தேறி வந்திருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து வரும் மணம் எந்தப் பிரசங்கத்தையும்விடச் சுவையானது என்பதை நாம் நன்கு அறிவோம். ஆகவே நீண்ட உரை ஆற்றப் போவதில்லை. இலை போடுமுன் சில செய்திகளை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விழாக் குழுவினர் நம்மிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டனர். நல்ல தலைப்பே. ஆனால் அந்த விசுவாசத்தை நாம் எங்கே கற்றோம்? உபதேசியாரிடம் கற்றோம், கன்னியரிடம் கற்றோம், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்றோம் என்பீர்கள். உண்மைதான். ஆயினும் அதற்கெல்லாம் முன்னரே, எழுத்தறியாப் பருவத்திலேயே, தாயின் மடியிலமர்ந்து முதல் கவளத்துக்காக வாயைத் திறந்தபோது, "கொஞ்சம் பொறு கண்ணு, சிலுவை போட்டுக்கொள்" என்று சொல்லி நம் பிஞ்சு விரல்களைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டு சென்றாளே, அந்த அன்னைதான் நமக்கு முதல் உபதேசியார். அந்தச் சோற்றுத் தட்டுதான் நமது முதல் மறைக்கல்விப் பள்ளி. ஆகவே விசுவாசத்தைப் பற்றிப் பேசச் சொன்ன குழுவினருக்கு, உண்ணும் பந்தியைப் பற்றிப் பேசி விடையளிக்கிறோம்.

இயேசு பெருமானின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள். கானாவூர்க் கலியாணப் பந்தியில் முதல் புதுமையைச் செய்தார். வரி தண்டுவோனாகிய லேவியின் வீட்டில் விருந்துண்டார். பரிசேயனாகிய சீமோன் வீட்டுப் பந்தியில் பாவியாகிய பெண்ணை மன்னித்தார். மரத்திலிருந்து இறங்கி வந்த சக்கேயுவின் வீட்டில் தங்கினார். பெத்தானியாவில் மார்த்தாளின் உபசரிப்பை ஏற்றார். பாடுகளுக்கு முந்திய இரவிலும் சீடரோடு உணவருந்தினார். உயிர்த்த பின்பும் எம்மாவு வீட்டில் அப்பத்தைப் பிட்டபோதுதான் சீடர் அவரை அடையாளம் கண்டனர். வழிநெடுக அவர் மறைநூலை விளக்கிவந்தும் திறவாத கண்கள் சாப்பாட்டு மேசையில் திறந்தன. திபேரியாக் கடலோரத்திலோ, இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரைசேர்ந்தவர்களுக்குக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தார். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் விடியற்காலையில் கரையேறும் நம் மீனவச் சகோதரர்களுக்கு அந்த நெருப்பின் அருமை தெரியும்.

அந்தக் கடைசி இராப்போசனம் எத்தகைய விருந்து? அது பாஸ்கா விருந்து. இஸ்ராயேல் மக்களின் வீடுகளில் அன்றிரவு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளில் இளையவன் எழுந்து, மற்ற இரவுகளைவிட இந்த இரவுக்கு என்ன சிறப்பு என்று கேட்பான். பெரியவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்தையும் ஆண்டவர் தந்த விடுதலையையும் கதையாகச் சொல்வார்கள். பிள்ளை கேட்கவேண்டும், பெரியவர் சொல்லவேண்டும், நடுவில் உணவு இருக்கவேண்டும். இப்படித்தான் அந்த மக்களின் விசுவாசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அணையாமல் வந்தது. அத்தகைய விருந்தில்தான் நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, தம் நினைவாக இதைச் செய்யும்படி கட்டளையிட்டார். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கே 'நன்றி கூறுதல்' என்பதுதான் பொருள். விசுவாசம், நன்றி, நினைவு என்ற இம்மூன்றும் ஒரே பந்தியில் பிறந்த உடன்பிறப்புகள். ஒன்றை விரட்டினால் மற்ற இரண்டும் வீட்டில் தங்கமாட்டா.

அன்பர்களே! நாம் வாழும் இந்த மண் சோற்றின் அருமையை அறிந்த மண். சிதம்பரத்தில் கூத்தப்பெருமானுக்குப் படைக்கும் சம்பா சாதமும், அதற்குத் துணையான கத்தரிக்காய் கொத்சும் ஊருலகம் அறிந்தவை. அவ்வூருக்கு அருகே மருதூரில் 1823-ஆம் ஆண்டு பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பசித்து வருபவரிடம் சாதியும் சமயமும் கேட்காமல் சோறு போட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அடுப்பை அணையாமல் காப்பதற்கு எத்தனை பேர் விறகு சுமந்திருப்பார்கள், எத்தனை பேர் நெல் அளந்திருப்பார்கள்! வேறு சமயத்தாரின் நற்செயலைக் கண்டு இறைவனைப் போற்றுவது நமக்கு இழுக்கன்று. அந்த அடுப்பைக் கடந்து செல்லும்போதெல்லாம், நம் வீட்டு அடுப்பு யாருக்காக எரிகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

நமக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர்களும் நம் பந்தியை மதித்தவர்களே. இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் கண்ட வீரமாமுனிவரை அறியாதார் யார்? தேம்பாவணி பாடிய அப்பெருந்தகை, பிறந்த நாட்டு உணவை விட்டு, தமிழ்நாட்டுத் துறவியரைப் போல் மரக்கறி உணவே உண்டு வாழ்ந்தார். நம்மோடு நம் உணவை உண்ணப் பழகியவர் நம் மொழியையும் தம் மொழியாக்கிக்கொண்டார். அதனால்தான் அவர் சொன்ன நற்செய்தி அயலாரின் செய்தியாக நம் காதில் விழவில்லை.

இங்கே ஒரு பழைய நினைவையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பெரும்பஞ்சம் அது. ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமந்த ஓர் ஆளுக்கு அரசு குறைத்து நிர்ணயித்த கூலி ஏறக்குறைய 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். அக்காலத்தில் புதுவைப் பகுதியில் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார்கள், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் ஏராளமான ஏழை எளியோர் ஞானஸ்நானம் பெற்றனர். தென்னார்க்காட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் விசுவாச வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இதைச் சொல்லி நம்மை எள்ளி நகையாடுவோர் உண்டு. 'கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சை நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியதுண்டு. பிள்ளைகளே, தலைநிமிருங்கள்! ஊரார் ஒதுக்கி வைத்த ஒருவனை, சாகும் தறுவாயில் ஒருவர் தேடிவந்து, கையிலே கலயத்தைக் கொடுத்து, அவனருகே மண்ணில் அமர்ந்து, அவன் பெயரைக் கேட்டார் என்றால், அந்த மனிதன் இதுவே கடவுளின் முகம் என்று கண்டுகொண்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எம்மாவுச் சீடரும் உணவு வேளையில்தான் ஆண்டவரை அறிந்தனர் அன்றோ! வெட்கப்படவேண்டிய செயல் ஒன்று உண்டு. கஞ்சி வார்க்கப்பட்டவனின் பேரப்பிள்ளை, இன்று வயிறு நிறைந்தபின், வாசலில் நிற்கும் வேறொரு பசித்தவனை விரட்டினால், அதுதான் நம் குடும்பத்துக்கு அவமானம்.

நினைவு என்பது பஞ்ச காலத்தோடு முடிந்துவிடவில்லை. நம்மில் பலர் கண்ணால் கண்ட இரண்டு நாட்களை இப்பொன்விழாவில் நினைவுகூராமல் இருக்க முடியாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வீடுகளில் அதிரசமும் முறுக்கும் தூக்குச்சட்டிகளில் மீந்திருந்த காலை. கடல் பொங்கி வந்தது. கடலூர்க் கரையிலிருந்து பிச்சாவரம் வரை நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோயிற்று. பின்னர் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அதிகாலையில், கடலூருக்கும் புதுவைக்கும் இடையே தானே புயல் கரைகடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாய்ச் சோறு போட்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன.

திருவழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டினால் உள்ளம் நடுங்கும். 2004-இல் அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. 2011-இல் கிறிஸ்து பிறப்பு விழாவே ஞாயிற்றுக்கிழமை வந்தபடியால், திருக்குடும்ப விழா டிசம்பர் 30-ஆம் நாள், புயலடித்த அதே வெள்ளிக்கிழமை கொண்டாடப்பட்டது. இரண்டு முறையும் குடும்பங்களின் திருநாளிலே நம் குடும்பங்கள் சிதறின. இறைவன் ஏன் அனுமதித்தார் என்று கேட்டால், அதற்கு நம்மிடம் எளிய விடை இல்லை. எளிய விடை சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் பிறகு நடந்ததை நாம் அறிவோம். பள்ளிக்கூடங்களிலும் கலியாண மண்டபங்களிலும் கோயில் வளாகங்களிலும் பெரிய பெரிய அண்டாக்கள் ஏறின. பரங்கிப்பேட்டையிலே முஸ்லிம் ஜமாஅத்தார், ஓடிவந்த மீனவ மக்களுக்கு உணவளித்து அரவணைத்தனர். யார் சமைத்தது, யார் வீட்டு அரிசி, இலைக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிடி சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனாள். அந்த ஒரு பிடி சோற்றில் அன்பும் விசுவாசமும் இருந்தன. அதைக் கண்டவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொன்னீர்களா? அவர்கள் அந்த ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு யார் சொல்வார்?

பிரியமானவர்களே! பந்தியைப் பற்றி இனிமையாகவே பேசிவிட்டு அமர்ந்துவிட முடியாது. பந்திதான் நம் விசுவாசத்தின் உரைகல். தொடக்கத் திருச்சபையைக் கலக்கிய பெரிய சச்சரவுகளில் பல சாப்பாட்டு இடத்தில்தான் எழுந்தன. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அதைத் தீர்க்கவே முடியப்பர் முதலிய எழுவர் நியமிக்கப்பட்டனர். கொரிந்து நகரில் வசதி படைத்தோர் முந்தி உண்டு குடித்தனர், ஏழைகள் பசியோடு நின்றனர். அத்தகைய கூட்டம் ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று சின்னப்பர் கடிந்துகொண்டார். அந்தியோக்கியாவில் நடந்தது அதைவிடப் பெரிது. நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்த பேதுருவே, புறவினத்தாரோடு உடனமர்ந்து உண்டு வந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி, இலையை விட்டு எழுந்து ஒதுங்கிக்கொண்டார். திருச்சபையின் தலைவர் அவர். ஆயினும் சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். இது ஏதோ சாப்பாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிடவில்லை. நற்செய்தியே இங்கு பழுதுபடுகிறது என்றார்.

இந்த நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களாகிய நாம் அடிக்கடி படிக்க வேண்டும். கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி தனியிடம் இருந்த காலம் நம் திருச்சபையில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி இறந்தோரையும் பிரித்தோம். சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்று நம் ஆயர் பேரவை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கையில் அறிவித்தது. அறிக்கை மறைமாவட்டத்துக்கு வரும், பங்குக்கு வரும். அது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்ததா? ஒரே திவ்விய அப்பத்தை நாவில் ஏந்தியவர்கள், திருவிழா முடிந்ததும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், காலையில் பெற்ற நற்கருணை மாலைக்குள் எங்கே போயிற்று? கோயிலில் சமாதானம் பகிரக் கைகூப்புவது எளிது. வீட்டுக்கு அழைத்து இலை போடுவதே கடினம்.

ஆகையால் இன்றைய விருந்தைக் குறித்து விழாக் குழுவினரும் நாமும் சேர்ந்து ஒரு முடிவு செய்திருக்கிறோம். எந்தத் தெருவுக்கும், எந்தக் குடும்பத்துக்கும், எந்தப் பிரமுகருக்கும் தனி வரிசை கிடையாது. வந்தவர் வந்த வரிசையில் அமரவேண்டும். முதல் பந்தியில் முதியோரும், நோயுற்றோரும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரும். காலையிலிருந்து புகையில் நின்ற சமையல்காரச் சகோதரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நமக்கு முன் அமர்ந்து உண்பார்கள். நாமும் கன்னியரும் பங்குப்பேரவையினரும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிடுவோம். இதை யாரும் பெரிய தியாகமாக எண்ண வேண்டாம். முடியப்பரின் வேலையைத்தான் செய்யப் போகிறோம்.

இனி நம் வீடுகளுக்குச் செல்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டது. இல்லம் திருச்சபையானால் அதற்குப் பீடம் எது? குடும்பம் கூடி உண்ணும் இடம்தான். அது தேக்கு மேசையாக இருக்கலாம், கோரைப் பாயாக இருக்கலாம், நெய்வேலிக் குடியிருப்பின் சிறிய சமையலறைத் தரையாகவும் இருக்கலாம். பழைய காலத்தில் மாலை மணியடித்ததும் செபமாலை, செபமாலை முடிந்ததும் சோறு. தாத்தா நடுவில் அமர்வார். அன்றைய செலவு, மழை, பயிர், பக்கத்து வீட்டுக்காரரின் காய்ச்சல், எல்லாம் அங்கேதான் பேசப்படும். முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர் உண்ணும்போது இறந்தவரைப் பற்றிய கதைகள் சொல்லப்படும். அழுதுகொண்டே சிரிப்பார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் கஞ்சி குடித்த நினைவு இல்லாதவர் நம்மில் யார்?

இன்று நிலைமை என்ன? குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நெய்வேலியில் வேலை பார்க்கும் தந்தை இரவு முறை முடித்துக் காலையில் வருகிறார். அப்போது பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறான். சிப்காட் ஆலைக்குப் போகும் மகள் விடியுமுன் டப்பாவில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். வயிற்றுப் பிழைப்பு அப்படி. ஆனால் எல்லாரும் வீட்டில் இருக்கும் இரவுகளிலும் என்ன நடக்கிறது? ஒருவர் தொலைக்காட்சிக்கு முன், ஒருவர் கட்டிலில், ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் ஆற்றிய மறைக்கல்வி உரையில் இதைத்தான் குறிப்பிட்டார். சேர்ந்து உண்ணாத குடும்பத்தையும், உண்ணும்போது பேசாமல் தொலைக்காட்சியையும் கைபேசியையும் பார்க்கும் குடும்பத்தையும் குடும்பம் என்று சொல்வது கடினம் என்ற கருத்தை அவர் மனவேதனையோடு வெளியிட்டார்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது நாம் காண்பது வேறொரு காட்சி. பெரிய வீடு, ஆறு நாற்காலி போட்ட மேசை, அதில் ஒரு மூதாட்டி தனியே. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பணம் தவறாமல் வருகிறது. "எனக்கென்ன சாமி, எல்லாம் இருக்கு. பேசிக்கிட்டே சாப்பிடத்தான் ஆள் இல்லை" என்று ஒரு தாய் சொன்னார். அதே தெருவில் இன்னொரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம் வரை இவர் உண்ணாமல் காத்திருப்பார். பிறகு கைபேசியைச் செம்பின்மேல் சாய்த்து வைத்து, இருவரும் சிலுவை போட்டுச் செபம் சொல்லி, இவர் இங்கே இரசம் சாதமும் அவன் அங்கே கடைச் சாப்பாடுமாக ஒரே நேரத்தில் உண்பார்கள். குடும்பத்தைப் பிரிக்கும் அதே கருவி அந்த வீட்டில் குடும்பத்தைக் கூட்டுகிறது. மனம் இருந்தால் கடலுக்கு அப்பாலும் பந்தி விரியும்!

ஆகவே இந்தப் பொன்விழாவின் நினைவாக ஒவ்வொரு வீட்டிலும் நான்கு காரியங்களைச் செய்யுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

முதலாவது, நாளுக்கு ஒரு வேளை, அது முடியாதவர்கள் வாரத்துக்கு ஒரு வேளையாவது, வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் வரும் மதிய உணவு இதற்கு ஏற்றது. அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்வெடுக்கட்டும். குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில், உணவறையில் ஒருவர் நல்ல நூலைப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்போம். காதுக்கும் உணவு வேண்டும் என்பது பெரியோர் கண்ட வழி. வீட்டில் நூல் வேண்டாம், வீட்டாரின் குரலே போதும்.

இரண்டாவது, உணவுக்கு முன் செபத்தை அவசரமாக முணுமுணுக்காமல், ஒவ்வொருவரும் அன்றைய நாளில் எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். நெல் விளைவித்தவரையும், மீன் பிடித்தவரையும், சமைத்தவரையும் மறவாதீர்கள். இங்கே தாய்மார்களின் பொருட்டு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை அடுப்படியில் நின்றபடியே விழுங்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் கைகழுவிவிடுகிறோம். நன்றி என்பது வாயால் மட்டும் சொல்வதன்று. குழம்புச் சட்டியை மேசையின் நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா, நீயும் உட்காரு" என்று அவர் கையைப் பிடித்து அமர்த்துங்கள். ஆண்மக்கள் எழுந்து பரிமாறட்டும். ஆண்டவர் சீடரின் பாதங்களையே கழுவினார். நாம் தட்டுகளைக் கழுவினால் மானம் போய்விடாது.

மூன்றாவது, பெரியவர்கள் ஒரு கதை சொல்லுங்கள். பாஸ்கா இரவின் பிள்ளையைப் போல் சிறியவர்கள் கேளுங்கள். நம் குடும்பம் எப்படி இந்த ஊருக்கு வந்தது, எந்தக் குருவானவர் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், பாட்டி எந்தப் பஞ்சத்தில் பிழைத்தார், சுனாமி அன்று யார் நமக்குச் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். இந்தப் பொன்விழா மலரில் அச்சாகாத வரலாறு உங்கள் வீட்டு முதியவர்களிடம்தான் இருக்கிறது.

நான்காவது, ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். திருவள்ளுவர் இல்லறத்தானுக்கு விருந்தோம்பலை ஒரு தனி அதிகாரமாகவே வகுத்தார். மாதத்தில் ஒரு நாளாவது, நம் தெருவில் தனியே உண்ணும் ஒரு முதியவரை, ஒரு கைம்பெண்ணை, வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் ஒரு மாணவனை வீட்டுக்கு அழையுங்கள். அவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்ற கேள்வி அவரோடு சேர்ந்து வாசற்படி ஏறக்கூடாது. பெரிய விருந்து தேவையில்லை. இருக்கும் குழம்பில் ஒரு கரண்டி போதும்.

இந்நான்கையும் செய்யும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு நற்கருணை என்றால் என்ன என்று நாம் நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுகூடுதல், நன்றி கூறுதல், நினைவுகூர்தல், பகிர்தல் அனைத்தையும் அவன் வீட்டிலேயே கண்டிருப்பான். பீடத்தண்டை வரும்போது, இது நம் வீட்டுப் பந்தியைப் போல் இருக்கிறதே, ஆனால் இங்கே அழைப்பவர் ஆண்டவர் என்று தானே உணர்ந்துகொள்வான். வீட்டில் பந்தியே காணாத பிள்ளைக்கோ கோயில் பீடம் தொலைவில் உள்ள ஒரு மேடையாகத்தான் தெரியும். ஐம்பது ஆண்டுகளில் கோயிலைக் கட்டினோம், கோபுரத்தை உயர்த்தினோம், பள்ளியை வளர்த்தோம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு இந்தக் கோயிலில் மக்கள் இருப்பார்களா என்பதை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு இடம்தான் முடிவு செய்யும்.

போதும், சமையல்காரச் சகோதரர்கள் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்! அனைவரும் எழுந்து நிற்போம். இப்பங்கை ஐம்பது ஆண்டுகள் ஊட்டி வளர்த்த இறைவனுக்கு நன்றி கூறுவோம். நமக்கு முன் இங்கே உண்டு, செபித்து, உழைத்து, இன்று வானக விருந்தில் அமர்ந்திருக்கும் நம் முன்னோரை நினைவுகூர்வோம். இந்த நேரத்தில் உணவின்றி இருப்போரை மறவாதிருப்போம். இவ்வுணவையும், இதை விளைவித்த கரங்களையும், சமைத்த கரங்களையும், உண்ணப்போகும் உங்கள் அனைவரையும் எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

முதியோர்கள் முதலில் வாருங்கள். தம்பிமார்களே, இலை போடுங்கள்!